குலசேகரம் பக்கத்துல மேட்டு விளைக்கு (தோட்டத்துக்கு) தண்ணி ஏத்த 3 எச்பி போதுமா?

வணக்கம் அண்ணமாரே, பம்பு மோட்டார் தெரிஞ்சவங்க யாராவது கொஞ்சம் பாத்து சொல்லுங்க. எங்க விளை சரிவுல கெடக்கு, கீழ கிணறு, மேல டேங்க், தண்ணி மட்டத்துல இருந்து டேங்க் வாய் வர 32 மீட்டர் உயரம், பைப் 63 எம்எம் எச்டிபிஇ, நீளம் 180 மீட்டர். மட்டி வாழையும் செவ்வாழையும்தான் நட்டிருக்கோம், கோடைல செகண்டுக்கு 2 லிட்டர் கிடைச்சா போதும்.

நான் போட்ட கணக்கு இதுதான். பைப் உராய்வு, பெண்டு (பைப் வளைவு), ஃபுட் வால்வ் (கிணத்துக்குள்ள பைப் அடில மாட்டுற வால்வ்) எல்லாம் சேத்து 4 மீட்டர், அப்போ மொத்த ஹெட், அதாவது பம்பு தள்ள வேண்டிய மொத்த உயரம், 36 மீட்டர். லிட்டர் × புவியீர்ப்பு × ஹெட், 2 × 9.81 × 36 = 706 வாட், அது தண்ணிக்கு போற பவர் மட்டும். சின்ன பம்புக்கு எஃபிஷியன்சி (குடுக்குற பவர்ல தண்ணிக்கு போய் சேருற பங்கு) 45 சதவீதம்னு வச்சா மோட்டார் ஷாஃப்ட்ல 1.57 கிலோவாட், அதாவது 2.1 எச்பி, அதனால 2 பத்தாது 3 எடுக்கலாம்னு நெனைக்கேன்.

கடைக்காரரு 5 எச்பி போடுங்க பயப்படாண்டாம்னு சொல்லுதாரு, ஆனா சென்ட்ரிஃபியூகல் பம்புல (சக்கரம் சுத்தி தண்ணி தள்ளுற பம்பு) ஹெட் தேவைக்கு மேல இருந்தா தண்ணி கூடுதலா தள்ளும், ஆம்பியரும் ஏறும், கரண்டு பில்லு வேற, கிணறும் கோடைல சீக்கிரம் வத்திரும், அதான் எனக்கு மனசு ஒப்பல.

எங்களுக்கு சிங்கிள் பேஸ்தான், சாயங்காலம் வோல்டேஜ் நல்லா இறங்கிரும். 45 சதவீதம் சரியான கணக்கா, இந்த வோல்டேஜ்ல 3 எச்பி சிங்கிள் பேஸ் ஓடுமா, இல்ல த்ரீ பேஸ் வாங்கணுமா? இதே மாதிரி மேட்டுல ஓட்டுறவங்க பம்போட ஹெட் ரேஞ்ச் (எத்தன மீட்டர்ல இருந்து எத்தன மீட்டர் வர தள்ளும்) என்னன்னு பம்பு மேல இருக்க தகட்டுல பாத்து சொன்னா பெரிய உதவியா இருக்கும்.