ஆர்லிங்டனில் அந்தக் காவல் வீரர் உங்களை அதட்டியிருக்கிறாரா?

பொன்னிக்கரை:
வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்க ராணுவக் கல்லறைத் தோட்டம், எல்லோருக்கும் தெரிந்த இடம்தான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவோடு போயிருந்தேன். பெயர் தெரியாத வீரரின் கல்லறை முன்னால் படிக்கட்டு முழுக்கக் கூட்டம். காவல் வீரர் கறுப்பு விரிப்பில் 21 எட்டு வைத்து நடந்து, கல்லறைப் பக்கம் திரும்பி 21 விநாடி நிற்பாரே, அந்த நேரம் பார்த்து அப்பாவின் சட்டைப்பையில் நாதஸ்வரம். கெட்டிமேளத்தோடு. காது மந்தம் என்பதால் ஒலியை உச்சத்தில்தான் வைத்திருப்பார். எடுத்தார், பேசினார். "தேங்காய்க்கு என்ன விலை கேட்கிறான்?"

வீரர் துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்தார். வந்தவர்கள் அமைதியும் மரியாதையும் காக்க வேண்டும் என்று ஒரு முழக்கம். வார்த்தைகள் வேண்டுகோள்தான், குரல் அப்படி இல்லை. அப்பா போனைக் காதில் வைத்தபடியே உறைந்துவிட்டார். அதற்குள்ளிருந்து சித்தப்பா மட்டும் "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டி அணைக்க எனக்குத் துணிவு வரவில்லை. காரில் ஏறிய பிறகு அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்குமா?" வீடு வரும்வரை வேறு பேச்சில்லை. மூன்று மாதமாகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது.

செம்பருத்தி:
உங்கள் அப்பா பரவாயில்லை. என் சின்னவன் பறந்துபோன தொப்பியைப் பிடிக்கச் சங்கிலிக்கு அடியில் நுழைந்துவிட்டான். அதட்டல் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்தவனைத் தூக்கிவர நான் குனிந்தபோது, அந்த வெள்ளைக் கையுறைகள் நனைந்திருந்ததைப் பார்த்தேன். வியர்வை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு வருடம் கல்லறைக்கு அடியிலேயே குடியிருக்கிறார்கள், ஆயுள் முழுவதும் மது தொடமாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். எங்கள் குடும்பக் குழுவில் வந்தது.

கணக்கர்:
அம்மா, மன்னிக்க வேண்டும், குடும்பக் குழுவில் வந்தால் உண்மையாகிவிடாது. அது மின்னஞ்சல் காலத்திலிருந்தே சுற்றும் கதை. ஆயுட்கால மதுவிலக்குச் சத்தியம் எதுவும் கிடையாது. கல்லறைக்கு அடியில் யாரும் குடியிருக்கவும் இல்லை. முறை இருக்கும் நேரத்தில் தங்க அங்கே அறைகள் உண்டு, அவ்வளவுதான். காவலர்களுக்கென்று 1958 முதல் ஒரு பதக்கம் இருக்கிறது. அதற்கு இழுக்கு வரும்படி நடந்தால், ராணுவத்தை விட்டு வந்த பிறகும் பறித்துக்கொள்ளலாம். இதிலிருந்துதான் அந்தக் கதை கிளைவிட்டிருக்க வேண்டும். கையுறையை நனைப்பது எம்-14 துப்பாக்கியின் மரக்கட்டை வழுக்காமல் இருக்க. வியர்வை இல்லை. சீருடையில் பதவிச் சின்னம் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். கல்லறைக்குள் இருப்பவரின் பதவி யாருக்கும் தெரியாது, அவரைவிட மேலானவராகக் காவலர் தெரியக்கூடாது என்பதற்காக. 1937 முதல் இரவு பகல் ஓயாத காவல். 1948 முதல் அது மூன்றாம் காலாட்படையின் பொறுப்பு. அந்தப் படையே 1784இல் தொடங்கியது. அதற்குப் 'பழைய காவல்படை' என்றும் பெயர் உண்டு.

என் அனுபவமா? நான் போன அன்று மழை. வீரர் நடந்தார், நான் நனைந்தேன்.

ஊர்சுற்றி:
நான் ஆர்லிங்டன் போனதில்லை, இந்திய-பாகிஸ்தான் எல்லையில் வாகா அணிவகுப்பு பார்க்கப் போயிருக்கிறேன். அங்கே கத்தாவிட்டால்தான் கேட்பார்கள்! இருந்தாலும் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். மெட்ரோவில் நீலத் தடத்தில் வந்தால் கல்லறைத் தோட்டத்தின் பெயரிலேயே நிலையம் இருக்கிறதாம். வாசலிலிருந்து மேட்டில் ஏறி நடக்க வேண்டும், பெரியவர்களுக்கு மூட்டு வலி இருந்தால் உள்ளே ஓடும் வண்டிக்கு டிக்கெட் வாங்கிவிடுங்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அரை மணிக்கு ஒருமுறை காவல் மாறும், மற்ற மாதங்களில் மணிக்கு ஒருமுறை, அதைப் பார்த்துக் கிளம்புங்கள். தண்ணீர், குடை, தொப்பி. தொப்பிக்குக் கயிறு இருக்கட்டும். போனை வாசலிலேயே அணைத்துவிடுங்கள்.

கணக்கர்:
வாகாவில் நிற்பது எல்லைப் பாதுகாப்புப் படை, ராணுவம் இல்லை. போகாத ஊருக்கு வழி சொல்வதில் தங்களை மிஞ்ச ஆளில்லை.

தைப்பனி:
சண்டை வேண்டாமே. நான் போனது ஜனவரியில், காலை எட்டு மணிக்குத் திறந்ததும். பனி. படிக்கட்டில் நான் ஒருத்திதான். என்னைத் தவிரப் பார்க்க ஆளில்லாத இடத்தில் அந்த வீரர் ஒரு நடையைக்கூடக் குறைக்கவில்லை. காலணியின் இரும்பு ஒன்றோடொன்று மோதும் 'டக்' மட்டும் கேட்டது.

முன்னால் தரையோடு மூன்று கற்பலகைகள் உண்டல்லவா? நடுவில் இருப்பது வியட்நாம் போருக்கானது. அது காலி. 1984இல் அடக்கம் செய்தவரை 1998இல் வெளியே எடுத்து மரபணுச் சோதனை செய்தபோது மைக்கேல் பிளாசி என்ற விமானி என்று தெரிந்தது. குடும்பத்தார் செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். ஒருவருக்குப் பெயர் கிடைத்துவிட்டது, குழி காலியானது. என் தாய்மாமன் வீட்டில் காணாமல் போன ஒருவருக்காக இருபது வருடம் கொல்லைக் கதவைத் தாழிடாமல் வைத்திருந்தார்கள். அந்தக் காலிப் பலகையைப் பார்த்துக்கொண்டு விரல் மரத்துப்போகும் வரை நின்றேன்.

பொன்னிக்கரை:
நேற்று அப்பாவிடம் போனில் கேட்டேவிட்டேன், அன்றைக்கு வருத்தப்பட்டீர்களா என்று. அவர் வேறெதையோ சொன்னார். "ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் துப்பாக்கியைத் தோள் மாற்றினானே, பார்த்தாயா? எப்போதும் நம் பக்கத்துத் தோளில்தான் வைத்தான். கல்லறைக்கும் நமக்கும் நடுவில் இருக்க வேண்டுமாம்." எனக்கு அது கண்ணில் படவே இல்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாதஸ்வரத்தை இன்னும் மாற்றவில்லை.