ஆர்வம் இருக்கிறது, முகத்தில்தான் இல்லையாம்

தராசுமுள் எழுதியது:

போன மாதம் ஒரு நேர்காணலுக்குப் போய்வந்தேன். ஆய்வுக்கூடத் தராசுகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் காலிபிரேஷன் பிரிவில் வேலை. ஒன்பது ஆண்டுகளாக நான் செய்துவருவதும் இதுதான். ஆனால் இப்போது இருக்கும் இடத்தில் கிராமில் நான்கு தசம இலக்கம் வரை காட்டும் தராசோடு கதை முடிந்துவிடுகிறது. அங்கே ஆறு, ஏழு இலக்கம் வரை போகலாம். அதை நினைத்தே முந்தைய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேலை கிடைக்கவில்லை. காரணம் கேட்டு எழுதினேன். "தொழில் அறிவில் குறையில்லை. ஆனால் இந்தப் பணியில் உங்களுக்கு உண்மையான ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை" என்று பதில் வந்தது. மூன்று முறை படித்தேன். எனக்கு வந்த கடிதம்தானா என்று மேலே இருந்த பெயரையும் சரிபார்த்தேன். சரிபார்ப்பதுதானே என் தொழில்.

நான் இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவள். நல்ல செய்தியைச் சொன்னால்கூட வீட்டில் "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். "ஏன் இந்த வேலைக்கு விண்ணப்பித்தீர்கள்?" என்றபோது, "இந்தத் துறையில் மேலும் வளர நல்ல வாய்ப்பு என்று நினைக்கிறேன்" என்றேன். கடைசியில், "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்றார்கள். "இல்லை, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டீர்கள்" என்றேன். அடக்கமான பதில் என்று அப்போது எனக்குள் ஒரு பெருமை வேறு.

வியாழக்கிழமை இன்னொரு இடத்தில் இதே மாதிரி வேலைக்கு நேர்காணல். கண்ணாடி முன் நின்று பல் தெரியச் சிரித்துப் பழகினேன். பற்பசை விளம்பரத்துக்குப் புறப்பட்டு வழி தவறி வந்தவள் போல் இருக்கிறது. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர வேறு வழி உண்டா?

காலைக்காற்று எழுதியது:

பதற்றம் வந்தால் "அமைதியாக இரு" என்று மனத்துக்குக் கட்டளையிடாதீர்கள். ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் முன்னால் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பதற்றம், உற்சாகம் இரண்டிலும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. அதற்கு நாம் சூட்டும் பெயர்தான் வேறு. நான் மாடிப்படி ஏறும்போதே முணுமுணுத்துக்கொள்வேன். எனக்குப் பலன் இருந்தது.

நிமிர்ந்து உட்காருங்கள். குரலைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் எழுதியது:

தேர்வுக் குழுவில் பதினோரு ஆண்டுகளாக உட்காருகிறேன். எங்கள் கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். தொழில் அறிவு, முன் அனுபவம் என்று வரிசையாகக் கட்டங்கள். பெரும்பாலும் "பணியில் ஆர்வம்" என்றும் ஒரு கட்டம் இருக்கும். எண்ணைப் போட்டால் போதாது, பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும். அங்கே "சிரித்தார்" என்றா எழுதுவேன்? நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம் வேண்டும் எனக்கு.

"துறையில் வளர வாய்ப்பு" என்பதை என்னிடம் கணக்காளரும் சொல்லியிருக்கிறார், ஓட்டுநரும் சொல்லியிருக்கிறார். அதை எழுதி என்ன செய்வது? உங்கள் தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்கும். வாயைத் திறக்கும் கடைசி வாய்ப்பையும் "இல்லை" என்று நீங்களே சாத்திவிட்டீர்கள். மன்னியுங்கள், எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

சரி, நேர்காணல் என்பதை மறந்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். தராசில் அப்படி என்ன இருக்கிறது?

தராசுமுள் எழுதியது:

என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்! எடைக்கல்லை வெறும் விரலால் தொட்டால் ரேகையில் இருக்கும் எண்ணெயும் எடையில் சேர்ந்துவிடும், அதனால் இடுக்கியால்தான் எடுப்போம். கல் கொஞ்சம் சூடாக இருந்தால், சுற்றியுள்ள காற்று சூடேறி மேலே எழும்பி, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். ஒருமுறை ஒரு தராசு காலையில் ஒழுங்காக இருந்து பிற்பகலில் மட்டும் தடுமாறியது. கருவி பழுது, மாற்ற வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் மூன்று நாள் அதன் எதிரிலேயே உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது: மூன்று மணிக்கு மேல் ஜன்னல் வழியாக ஒரு விரற்கடை வெயில் மேசையில் விழுகிறது. ஒரு திரை போட்டோம், தராசு சரியாகிவிட்டது.

இன்னொன்று. 1889 முதல் உலகத்துக்கே கிலோகிராம் என்றால் பாரிசுக்கு அருகே பூட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளைதான். அதற்குப் பிரதிகள் செய்து பல நாடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். சுமார் நூறு ஆண்டு கழித்து ஒப்பிட்டால், பிரதிகளுக்கும் அதற்கும் இடையே 50 மைக்ரோகிராம் (ஒரு மைக்ரோகிராம் என்றால் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கு விலகல்! உருளை இளைத்ததா, பிரதிகள் பெருத்தனவா? யாராலும் சொல்ல முடியாது, உருளை எவ்வளவோ அதுதான் கிலோகிராம் என்பது சட்டம். 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, எங்கும் எப்போதும் மாறாத இயற்பியல் அளவை வைத்துக் கிலோகிராமை வரையறுக்கிறார்கள். அன்று அலுவலகத்தில் இதைச் சொன்னேன். ஒருவர் "அப்படியா" என்றார், அவ்வளவுதான்.

நீளமாகிவிட்டது. மன்னிக்கவும்.

கலகலப்பு எழுதியது:

நான் எதிர்ரகம். எந்த நேர்காணலிலும் சிரித்துப் பேசி வேலையை வாங்கிவிடுவேன். கடைசி வேலையில் எட்டு மாதம்தான் தாக்குப்பிடித்தேன். அங்கே என்ன செய்கிறார்கள் என்றே சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு விரற்கடை வெயிலுக்காக மூன்று நாள் உட்காரும் பொறுமை எனக்கு ஏழு பிறவியிலும் வராது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முகத்தை மட்டும் பார்த்து ஆள் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். என்னை எடுத்தார்களே! அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் எது சொன்னாலும் எடுபடாது.

மேசைக்கு அந்தப் பக்கம் எழுதியது:

கலகலப்பு சொல்வது உண்மை, எங்கள் இனத்தில் அப்படியும் உண்டு.

தராசுமுள், அந்த வெயில் கதையில் எனக்கு எழுத ஐந்து வரி கிடைத்துவிட்டது. "ஏன் இந்த வேலை?" என்றால் அதையே சொல்லுங்கள், இதே வேகத்தில், மன்னிப்புக் கேட்காமல். சொல்லி முடித்ததும், "நான்கு இலக்கத்திலேயே வெயில் இந்தப் பாடு படுத்தினால், ஏழு இலக்கத்தில் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை" என்று அவர்கள் வேலையோடு முடிச்சுப் போடுங்கள். அதை விட்டால் வெறும் அனுபவக் கதையாக நின்றுவிடும். யோசித்துப் பேசுவது குறை இல்லை. "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டால், அந்த மௌனத்தை யாரும் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர்களிடம் கேட்க என்ன வைத்திருக்கிறீர்கள்?

தராசுமுள் எழுதியது:

ஏழு இலக்கத் தராசை எந்தத் தளத்தில், எதன்மேல் வைத்திருக்கிறார்கள்? கட்டட அதிர்வை எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஏர் கண்டிஷனர் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? சென்ற முறையும் இதெல்லாம் மனத்தில் இருந்தது. குற்றம் கண்டுபிடிக்க வந்தவள் என்று நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் எழுதியது:

மூன்றையும் கேளுங்கள். முடிந்தால் தராசு அறையைப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.

தராசுமுள் எழுதியது:

கேட்கிறேன். அந்த 50 மைக்ரோகிராம் கதையையும் சொல்லலாமா?

மேசைக்கு அந்தப் பக்கம் எழுதியது:

அவர்கள் முகத்தில் ஆர்வம் தெரிந்தால் மட்டும்.