உதவி: ரீலோட் செய்த தோட்டாவுக்கு போல்ட் மூட மாட்டேன் என்கிறது, சனிக்கிழமை மேட்ச்

கேட்டி_கார்த்தி
வணக்கம். புதிதாக ரீலோடிங் (சுட்ட காலி கேஸில் மறுபடி பிரைமர், பவுடர், புல்லட் போட்டுத் தோட்டா செய்வது) ஆரம்பித்திருக்கிறேன். முதல் பெட்டி போட்டு முடித்து ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். போல்ட் (சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, பின்னாலிருந்து மூடும் தண்டு) பாதி வழியில் நிற்கிறது, கைப்பிடி கீழே இறங்கவே இல்லை. கடையில் வாங்கிய தோட்டா அதே துப்பாக்கியில் சிரமமில்லாமல் போகிறது. கேஸ் கேஜில் (கேஸின் அளவு பார்க்கும் குழல்) போட்டுப் பார்த்துவிட்டேன், அதில் சரியாகத்தான் இருக்கிறது. டை எல்லாம் (பிரஸ் கருவியில் மாட்டிக் கேஸை அமுக்கும் அச்சுகள்) புதிது. என்ன காரணம்? சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

டாலஸ்_தங்கம்
எந்தக் காலிபர்? எந்தத் துப்பாக்கி? புல்லட் எத்தனை கிரெயின் (எடை)? பிராஸ் (கேஸ்) புதிதா, ரேஞ்சில் பொறுக்கியதா? இது எதுவும் சொல்லாமல் சீக்கிரம் சொல் என்றால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மீனா_ஆஸ்டின்
முதலில் ஒன்று: மூடாத போல்ட்டை அடித்தோ குத்தியோ மூடாதீர்கள். உள்ளே இருப்பது வெடிக்கக்கூடிய தோட்டா. அப்புறம் ஒரே ஒரு கேள்வி. சைஸ் செய்த (டையில் அமுக்கி அளவுக்குக் கொண்டுவந்த) காலி கேஸ், அதாவது பிரைமர், பவுடர், புல்லட் எதுவும் போடாதது, அந்தச் சேம்பரில் போட்டால் போல்ட் மூடுகிறதா?

ஸ்மால்பேஸ்_சிவா
படித்தவுடனே தெரிந்துவிட்டது. ஸ்மால் பேஸ் டை வாங்குங்கள். சாதாரண டை கேஸின் அடிப்பக்கத்தைப் போதுமான அளவு இறுக்காது. எனக்கும் இதேதான் ஆனது, டை மாற்றியதோடு தீர்ந்தது.

டாலஸ்_தங்கம்
சிவா, உங்களுக்குத் தலைவலி வந்தாலும் ஸ்மால் பேஸ் டைதான் மருந்து. அவர் போல்ட் கைப்பிடி என்கிறார், செமி ஆட்டோ இல்லை. போல்ட் ஆக்‌ஷனுக்கு அது அநேகமாகத் தேவைப்படாது.

பழையகை
ஒவ்வொரு ரீலோடிங் கையேட்டிலும் முன்பகுதி என்று ஒன்று உண்டு. படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதியிருப்பார்கள். அதைத் தாண்டிப் பவுடர் அட்டவணைக்கு நேராகப் பாய்கிறவர்கள்தான் இப்படி வந்து நிற்பார்கள். பிரஸ் வாங்கக் காசு இருந்தது, படிக்கத்தான் நேரம் இல்லை போலிருக்கிறது.

கேட்டி_கார்த்தி
.223. போல்ட் ஆக்‌ஷன். புல்லட் 69 கிரெயின் மேட்ச் ஹாலோ பாயின்ட். பிராஸ் ரேஞ்சில் பொறுக்கியது, கலவையாக இருக்கிறது, நிறைய எல்சி. கையேடு படித்தேன் சார்.

டிரிம்_திருமலை
அங்கேதான் விஷயம் இருக்கிறது. பொறுக்கிய பிராஸை டிரிம் செய்தீர்களா, அதாவது நீளத்தை வெட்டிச் சரிசெய்தீர்களா? .223 கேஸின் அதிகபட்ச நீளம் 1.760 அங்குலம், டிரிம் செய்ய வேண்டிய அளவு 1.750. சைஸ் செய்யும்போது பிராஸ் நீளும். அதற்குமேல் போனால் கேஸ் வாய் சேம்பர் முனையில் முட்டும், போல்ட் மூடாது. வம்படியாக மூடினால் வாய் புல்லட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சுடும்போது பிரஷர் எகிறும். இது விளையாட்டில்லை.

நியூஜெர்சி_நடேசன்
எல்சி (லேக் சிட்டி) என்றால் ராணுவ பிராஸ். பிரைமர் உட்காரும் குழியில் (பாக்கெட்) கிரிம்ப், அதாவது இறுக்கி மடித்த விளிம்பு, இருக்கும். அதை ரீமரால் எடுக்காமல் பிரைமரை அழுத்தியிருந்தால் முழுசாக உட்கார்ந்திருக்காது. அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். துளி துருத்தினாலும் போல்ட் முகத்தில் இடிக்கும்.

கேட்டி_கார்த்தி
பிரைமர் தடவிப் பார்த்தேன், உள்ளேதான் இருக்கிறது. கிரிம்ப் எடுத்தேன். டிரிம் செய்யவில்லை. கேஜில் சரியாக இருந்ததால் தேவையில்லை என்று நினைத்தேன். ஒன்று சொல்ல விட்டுப்போனது, எல்லாத் தோட்டாவும் அடைக்கவில்லை. பாதி போகிறது, பாதி போகவில்லை.

டாலஸ்_தங்கம்
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி!

மீனா_ஆஸ்டின்
காலி கேஸ் போகிறதா?

அயர்விங்_அருண்
நான் புதியவன், குறுக்கே ஒரு கேள்வி. நான் எச்-1பியில் இருக்கிறேன். கார்த்தி மாதிரி பிரஸ் வாங்கி ரீலோட் மட்டும் செய்யலாமா? துப்பாக்கி நண்பருடையது. டெக்சஸில் 2021-இலிருந்து லைசன்ஸே வேண்டாமாமே.

ஸ்மால்பேஸ்_சிவா
தாராளமாகச் செய்யலாம். டெக்சஸில் எதற்கும் பர்மிட் கிடையாது.

டாலஸ்_தங்கம்
சிவா, தயவுசெய்து இந்த மாதிரி பதில் போடாதீர்கள். 2021 செப்டம்பரில் வந்தது கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச்செல்வது பற்றிய மாநிலச் சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம், 922(ஜி)(5). டெக்சஸ் என்ன சொன்னாலும் அது மாறாது. விதிவிலக்குகள் உண்டு, அதில் நம் ஆட்களுக்குப் பொருந்துவது செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ். க்ரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

அயர்விங்_அருண்
தோட்டா வாங்க மாட்டேன் அண்ணா. காலி கேஸ், பவுடர், பிரைமர் தனித்தனியாகத்தானே வாங்குவேன்.

டாலஸ்_தங்கம்
அந்த ஓட்டையையும் அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஃபெடரல் சட்டத்தில் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாம் வருகின்றன. தனித்தனியாக வைத்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஸ்மால்பேஸ்_சிவா
எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் எச்-1பி, வாரக் கடைசியில் ரேஞ்சில்தான் இருக்கிறார்கள். யாரையும் யாரும் பிடிக்கவில்லை.

நியூஜெர்சி_நடேசன்
பிடிக்கவில்லை என்பதும் சட்டப்படி சரி என்பதும் ஒன்றா சிவா? விசா, க்ரீன் கார்டு வரிசை எல்லாம் இதில் மாட்டும். அருண், ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு எதையும் வாங்குங்கள். இணையத்தில் முகம் தெரியாத ஆள் சொன்னான் என்று பிரஸ் ஆர்டர் போடாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வேளச்சேரி_வாசகன்
சென்னையில் இருந்து படிக்கிறேன். இங்கே லைசன்ஸ் வைத்திருப்பவர் வீட்டில் இப்படிச் செய்யலாமா?

டாலஸ்_தங்கம்
துப்பாக்கி லைசன்ஸ் என்பது வைத்துக்கொள்ள. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-இன்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசன்ஸ் வேண்டும். வீட்டு மேஜையில் ஆசைக்குச் செய்கிற சமாசாரம் இல்லை. விட்டுவிடுங்கள்.

பழையகை
இழையின் தலைப்பு போல்ட் மூடவில்லை என்பது. இப்போது குடியேற்ற வகுப்பு நடக்கிறது. ஆளையும் காணவில்லை.

மீனா_ஆஸ்டின்
கார்த்தி, இதைச் செய்துவிட்டு எழுதுங்கள். பிரைமரும் பவுடரும் இல்லாமல் ஒரு டம்மி செய்யுங்கள், உங்கள் டைகள் இப்போது இருக்கிற அதே நிலையில். நீளமான கேஸாகப் பார்த்து எடுங்கள். முதலில் சைஸ் செய்த கேஸைக் காலியாகவே சேம்பரில் போட்டு போல்ட் மூடிப் பாருங்கள். அப்புறம் அதே கேஸில் புல்லட் வைத்து மூடிப் பாருங்கள். மூடாவிட்டால் டம்மி முழுவதும் கறுப்பு மார்க்கர் பூசி, மெதுவாக முட்டும்வரை மட்டும் தள்ளி எடுங்கள். மை எங்கே உரசிப் போயிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. புல்லட்டில் உரசியிருந்தால் நீளமாக உட்கார்ந்திருக்கிறது. கேஸ் வாயில் என்றால் திருமலை சொன்னது. ஷோல்டர் (கேஸின் உடம்பு குறுகும் சரிவு) விளிம்பில் என்றால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அப்போது சொல்கிறேன்.

டிரிம்_திருமலை
வாயில்தான் உரசும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டி_கார்த்தி
செய்தேன் அக்கா. காலி கேஸ் போகிறது, போல்ட் விரலாலேயே மூடுகிறது. புல்லட் வைத்த பிறகு மூடவில்லை. மை ஷோல்டரும் உடம்பும் சேரும் இடத்தில் சுற்றிலும் வளையமாக உரசியிருக்கிறது. வாயில், புல்லட்டில் ஒன்றும் இல்லை. தோட்டாவின் மொத்த நீளம் 2.255 அங்குலம்.

மீனா_ஆஸ்டின்
2.255 என்றால் 2.260 வரம்புக்குள்தான் இருக்கிறது, புல்லட் குற்றவாளி இல்லை. காலி கேஸ் போனதால் சைஸிங் டையும் நிரபராதி. கெட்டுப்போனது அதற்கு அடுத்த படியில். புல்லட் வைக்கும் டையிலேயே கிரிம்ப்பும் (கேஸ் வாயைப் புல்லட் மேல் இறுக்கி மடிப்பது) போடுகிறீர்கள், சரியா? உங்கள் 69 கிரெயினில் கிரிம்ப் உட்காரும் பள்ளமும் இருக்காது.

கேட்டி_கார்த்தி
ஆமாம், ஒரே டை. கிரிம்ப் போட்டால் புல்லட் நகராது என்று வீடியோவில் பார்த்தேன். பள்ளம் இல்லை.

மீனா_ஆஸ்டின்
அதுதான். டைக்குள்ளே கிரிம்ப் விளிம்பு ஒன்று இருக்கிறது. டையை அதிகம் கீழே இறக்கினால் அது கேஸ் வாயைப் புல்லட்டுக்குள் அழுத்தப் பார்க்கும். பள்ளம் இல்லாததால் வாய் மடங்க இடமில்லை, அழுத்தம் நெக் (புல்லட்டைப் பிடிக்கும் கழுத்து) வழியாகக் கீழே இறங்குகிறது. தகர டப்பாவை மேலிருந்து அமுக்கினால் பக்கத்தில் புடைக்குமே, அப்படி ஷோல்டர் விளிம்பு புடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான், ஆனால் சேம்பருக்குத் தெரியும். பாதி போவதும் பாதி போகாததும் எதனால் என்றால், டிரிம் செய்யாததால் கேஸ் ஒவ்வொன்றும் ஒரு நீளம். குட்டையானது தப்பித்துக்கொண்டது, நீளமானது மாட்டியது.

கேஜில் தெரியாததற்கும் காரணம் உண்டு. வில்சன் மாதிரியான கேஜ், கேஸின் நீளத்தையும் ஷோல்டர் உயரத்தையும் பார்க்கத்தான். உடம்புப் பகுதி சேம்பரைவிடத் தளர்வாகக் குடைந்திருக்கும். புடைப்பைக் காட்டிக்கொடுக்காது.

டிரிம்_திருமலை
அப்படியென்றால் டிரிம்தானே மூலகாரணம்? நான் சொன்னதுதான்.

பழையகை
மூலகாரணம் தேவையில்லாத கிரிம்ப். போல்ட் ஆக்‌ஷனில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுகிறவருக்கு .223-க்கு கிரிம்ப் எதற்கு? நெக் இறுக்கம் போதும். மீனா சொல்வது சரி. கையேட்டின் முன்பகுதியிலும் இதேதான் இருக்கிறது, சும்மா சொன்னேன்.

டிரிம்_திருமலை
எல்லாக் கேஸும் 1.750 இருந்திருந்தால் இந்தக் கிரிம்ப்பே ஒன்றும் செய்திருக்காது.

பழையகை
எல்லாம் ஒரே மாதிரி புடைத்திருக்கும். அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

மீனா_ஆஸ்டின்
கார்த்தி, டையை இப்படி வையுங்கள். புல்லட் வைக்கும் தண்டை நன்றாக மேலே ஏற்றிவிட்டு, கேஸைப் போட்டு ராமை (பிரஸ்ஸில் கேஸை மேலே தூக்கும் தண்டு) முழுவதும் உயர்த்துங்கள். டையைக் கையால் கீழே திருகினால் ஒரு இடத்தில் கிரிம்ப் விளிம்பு கேஸ் வாயைத் தொடுவது தெரியும். அங்கிருந்து ஒரு முழுச் சுற்று பின்னால் திருகி லாக் ரிங்கை இறுக்குங்கள். இனி அது புல்லட்டை மட்டும்தான் உட்காரவைக்கும். ஆழத்தை மேலே உள்ள தண்டில் சரிசெய்துகொள்ளுங்கள். இதை உங்களிடம் இருப்பதிலேயே நீளமான கேஸை வைத்துச் செய்யுங்கள். டிரிம்மும் செய்துவிடுங்கள், திருமலை அண்ணன் நிம்மதியாகத் தூங்கட்டும்.

நியூஜெர்சி_நடேசன்
ஏற்கெனவே போட்ட தோட்டாக்களை என்ன செய்வீர்கள்? அடைக்கிறதை மேட்ச்சில் முயற்சி செய்யாதீர்கள். சுத்தியல் மாதிரி புல்லட் புல்லர் கிடைக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, அதனுடன் வந்த பிடியை மட்டும் பயன்படுத்துங்கள். பிரஸ்ஸின் ஷெல் ஹோல்டரை அதில் மாட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, வேண்டாம். கழற்றிய பவுடர் எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் திரும்ப அதில் போடுங்கள். சந்தேகம் இருந்தால் எறிந்துவிடுங்கள். பிரைமர் இருக்கிற கேஸை மறுபடி சைஸ் செய்வதானால் டையிலிருந்து டீகேப்பிங் ஊசியை (பிரைமரை வெளியே தள்ளும் ஊசி) கழற்றிவிட்டு, அவசரப்படாமல் செய்யுங்கள்.

கேட்டி_கார்த்தி
டையை ஒரு சுற்று ஏற்றினேன், டம்மி நாலும் போனது. போல்ட் மூடுகிறது. நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்மால்பேஸ்_சிவா
வாழ்த்துகள். இருந்தாலும் ஸ்மால் பேஸ் டை ஒன்று கையில் இருப்பது நல்லது.

டாலஸ்_தங்கம்
மேட்ச் என்ன ஆனது கார்த்தி?

டாலஸ்_தங்கம்
கார்த்தி?

சான்_அன்டோனியோ_சரவணன்
பழைய இழைதான், மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் 9 எம்எம் பிஸ்டல். மீனா அக்கா சொன்னபடி டையை ஒரு சுற்று ஏற்றினேன், இப்போது இன்னும் மோசமாக அடைக்கிறது.

மீனா_ஆஸ்டின்
9 எம்எம்முக்கு அதைச் செய்யாதீர்கள். அதில் புல்லட் வைப்பதற்காகக் கேஸ் வாயை முதலில் விரிக்கிறோம். அந்த விரிப்பைத் திரும்ப நேராக்குவதற்குத்தான் டேப்பர் கிரிம்ப். டையை ஏற்றியதால் விரிப்பு அப்படியே நின்றுவிட்டது, அதனால் அடைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, கேலிப்பரில் வாய் விட்டம் 0.380 அங்குலத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கவும் வேண்டாம், 9 எம்எம் அந்த வாய் விளிம்பில்தான் சேம்பருக்குள் நிற்கிறது. பீப்பாயைக் கழற்றி வைத்துக்கொண்டு அதில் போட்டுப் பாருங்கள். தோட்டா தானாக விழுந்து, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும்.