பாசலில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. எதற்குக் குறைநீர்க் கட்டணம்?

பாசல் பலசரக்கு:
கொழும்பிலிருந்து வரும் எங்கள் சிவப்பரிசியும் தேங்காய்ப்பால் டின்களும் ரொட்டர்டாமில் இறங்கி, ரைன் ஆற்றுக் கப்பலில் சுவிஸ் நகரான பாசலின் கிளைன்ஹூனிங்கன் துறைமுகத்துக்கு வருகின்றன. தீபாவளிச் சரக்குக்கு வந்த பில்லில் 'குறைநீர்க் கட்டணம்' என்று ஒரு வரி. நேரில் போய்ப் பார்த்தேன். துறைமுகத்தில் தண்ணீர் வழக்கம்போல நிற்கிறது. இது அநியாயம் இல்லையா?

ரைன் மாலுமி:
தம்பி, நீங்கள் பார்த்தது அணைகளால் தேங்கி நிற்கும் தண்ணீர். பாசலுக்குக் கீழே இஃபெட்சைம் வரை பத்து அணைகள், அவற்றைக் கப்பல் ஏறியிறங்கிக் கடக்கப் பத்து நீர்ப்பூட்டுகள். அதற்குப் பிறகு ஆறு தன் போக்கில் ஓடுகிறது. உங்கள் கட்டணத்தைத் தீர்மானிப்பது ஜேர்மனியின் கௌப் என்ற சிற்றூரில் உள்ள நீர்மட்ட அளவுகோல். அதன் பூச்சியம் ஆற்றின் அடி அல்ல. அது 77 செ.மீ. காட்டினால், கப்பல் பாதையில் ஆழம் 1.90 மீட்டர்தான். 2018 ஒக்டோபரில் 25 செ.மீ. வரை இறங்கியது. ஆற்று நடுவே நிற்கும் கோட்டைக்குச் சனங்கள் கால் நனையாமல் நடந்து போனார்கள்.

பதினொரு வருடம் இந்த ஆற்றில் வேலை செய்தேன். தண்ணீர் அப்படிக் குறைந்த நாள்களில் கௌப்பைக் கடக்கும்போது யாரும் பேசமாட்டோம். அடித்தட்டில் சரளைக்கல் உரசுகிறதா என்றே காது போகும். முழுச் சுமையோடு மூன்று மீட்டருக்கு மேல் அமிழும் கப்பல், மூன்றில் ஒரு பங்கைக்கூட ஏற்ற முடியாது. டீசலும் ஆள்கூலியும் குறைவதில்லை. மீதிச் சரக்குக்கு இன்னொரு கப்பல் வேண்டும். அதற்குத்தான் அந்தக் கட்டணம்.

அல்ப்ஸ் பனி உருகுவதால் ஜூனில் ஆறு பெருகும். அந்தப் பனி குறைந்துகொண்டே போகிறது. லுட்விக்ஸ்ஹாபனின் இரசாயன நிறுவனம் பிஏஎஸ்எஃப், குறைநீரிலும் ஓடவென்றே 135 மீட்டர் நீளத்தில் ஒரு தாங்கிக் கப்பலை 2023இல் இறக்கியிருக்கிறது. அவ்வளவு பெரிய நிறுவனமே ஆற்றை நம்பிச் சும்மா இருக்கவில்லை.

லொறிக்காரன்:
பேசாமல் ரயிலுக்கு மாறுங்கள், அண்ணா.

ரைன் மாலுமி:
2017இல் ஜேர்மனியின் ராஸ்டாட்டில் தண்டவாளம் தாழ்ந்து, பாசலுக்கு வரும் ரயில் பாதை ஏழு வாரம் மூடிக் கிடந்தது. அப்போது கைகொடுத்தது இந்த ஆறுதான். ஒன்றை மட்டும் நம்பவேண்டாம். தம்பி, ஒப்பந்தத்தில் எந்த நாளின் அளவைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அன்றாட அளவு ஜேர்மன் நீர்வழித் துறையின் எல்விஸ் இணையதளத்தில் இருக்கிறது.

பாசல் பலசரக்கு:
பார்த்தேன், அண்ணா. பில்லில் போட்டிருப்பது கப்பல் கௌப்பைக் கடந்த நாளின் அளவு அல்ல. அதற்கு ஐந்து நாள் பிந்திய அளவு. அன்று தண்ணீர் இன்னும் குறைவு, அதனால் கட்டணம் ஒரு படி கூடுதல். முகவருக்கு எழுதிவிட்டேன். அடுத்த வருடத் தீபாவளி அரிசியை ஜூனிலேயே இறக்கிவிடுகிறேன். களஞ்சியத்தில்தான் இடம் பிடிக்க வேண்டும்.