100-400 ஜூமில் 2 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர்: ஆட்டோஃபோகஸ் அசையவே இல்லை

தவிட்டுக்குருவி:
வணக்கம். என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 100-400 மிமீ எஃப்/4.5-5.6 ஜூம். பறவைகளுக்கு 400 பத்தவில்லை என்று லென்ஸ் நிறுவனத்தின் சொந்த 2 எக்ஸ் டெலிகன்வெர்ட்டரையே (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி உருவத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும் துணைக்கண்ணாடி) வாங்கினேன். மாட்டிவிட்டு ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் மோட்டார் சத்தம்கூட வரவில்லை. கையால் ஃபோகஸ் செய்து ஒரு மீன்கொத்தியை எடுத்தேன் (800 மிமீ, 1/500, ஐஎஸ்ஓ 1600, கையில் பிடித்தபடி). அலகு தெரிகிறது, மார்புச் சிறகுகள் எல்லாம் பஞ்சை ஒட்டிவைத்தது போல இருக்கின்றன. காண்டாக்ட்களை மெல்லிய துணியால் துடைத்தும் பார்த்துவிட்டேன். பழுதான பீஸா? திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

கரிச்சான்:
ஒன்றை மட்டும் பாருங்கள். 400 முனையில் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளை, எஃப் எண் கூடினால் துளை சிறிது) முழுதாகத் திறந்தால் திரையில் எஃப்/5.6 வருகிறதா, எஃப்/11 வருகிறதா?

தவிட்டுக்குருவி:
எஃப்/11. 100 முனையில் எஃப்/9.

கரிச்சான்:
அப்படியானால் காண்டாக்ட் சரியாக இருக்கிறது, கன்வெர்ட்டர் கேமராவோடு பேசுகிறது. பழுது இல்லை. 2 எக்ஸ் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், 1.4 எக்ஸ் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதியாகும்). டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் சென்சார், லென்ஸின் இரண்டு எதிரெதிர் ஓரங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டுத்தான் தூரத்தைக் கணிக்கிறது. நம் இரண்டு கண்களைப் போல. அப்பர்ச்சர் குறுகக் குறுக அந்த ஓரங்கள் இருட்டிவிடும். பெரும்பாலான கேமரா பாடிகளுக்கு எல்லை எஃப்/5.6, சிலவற்றில் நடுப்புள்ளியாவது எஃப்/8 வரை வேலை செய்யும். எஃப்/11 என்றதும் உங்கள் கேமரா முயற்சியே செய்யாமல் நின்றுவிடுகிறது. லைவ் வியூவில் (வ்யூஃபைண்டரை விட்டு, பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து பாருங்கள், சென்சாரிலேயே பார்ப்பதால் மெதுவாகவாவது பிடிக்க வாய்ப்பு உண்டு.

தும்பி:
சிறகு பஞ்சானதற்கு ஷட்டர் வேகமும் காரணம், தம்பி. கிராப் சென்சார் என்பதால் 800ஐ 1.5ஆல் பெருக்குங்கள், 1200. கையில் பிடித்தால் 1/1250ஆவது வேண்டும், ஸ்டெபிலைசர் இருந்தாலும் பறவை அசையுமே. எஃப்/11இல் அந்த வேகத்துக்குப் போனால் ஐஎஸ்ஓ 4000 ஆகிவிடும், நாய்ஸ் வந்து மென்மையான சிறகையெல்லாம் அழித்துவிடும். அப்புறம், உச்சிவெயிலில் தண்ணீருக்கு மேலே எடுத்தீர்களா? கானல் இருந்தால் எந்தக் கண்ணாடியாலும் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் அதே இடத்தில் எடுத்துப் பாருங்கள்.

தவிட்டுக்குருவி:
ஆமாம், பதினொன்றரை மணி! சரி, நண்பரிடம் 1.4 எக்ஸ் வாங்கி இன்று உட்கார்ந்து சோதித்தேன். சுவரில் பொடி எழுத்துத் தாள், முக்காலி, ஸ்டெபிலைசர் அணைத்து, இரண்டு நொடி டைமர். வெறும் 400இல் எடுத்து 560 அளவுக்குக் கிராப் செய்ததையும் 1.4 எக்ஸ் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். லைவ் வியூவில் ஃபோகஸ் செய்தால் 1.4 எக்ஸ் தெளிவாக ஜெயிக்கிறது, "ண"வின் சுழிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆனால் வ்யூஃபைண்டரில் நடுப்புள்ளியால் பிடித்தால் எழுத்து லேசாகக் குழைகிறது. 2 எக்ஸோ, லைவ் வியூவில்கூடக் கிராப் செய்ததைவிடக் கொஞ்சம்தான் மேல்.

கரிச்சான்:
அருமையான சோதனை. கிராப் செய்தால் 24இல் 12 மெகாபிக்சல்தான் மிஞ்சும், 1.4 எக்ஸில் முழுசும் கிடைக்கிறது, அதனால்தான் அந்தச் சுழி. வ்யூஃபைண்டர் குழைவுக்குக் காரணம் ஃபோகஸ் சற்று முன்னாலோ பின்னாலோ விழுவது. மெனுவில் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) திருத்தம் இருக்கும், ஃபோகஸ் விழும் இடத்தை முன்பின் நகர்த்த. பல பாடிகள் லென்ஸுக்குத் தனியாகவும், லென்ஸும் கன்வெர்ட்டரும் சேர்ந்ததற்குத் தனியாகவும் மதிப்பு வைத்துக்கொள்ளும். கன்வெர்ட்டரை மாட்டிய நிலையிலேயே அதைச் செய்யுங்கள். களத்தில் லென்ஸின் ஃபோகஸ் லிமிட்டரை (ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்) தூரப் பக்கம் தள்ளிவிட்டால் தேடித் தடுமாறுவது குறையும். வெளிச்சம் இருந்தால் எஃப்/8ஐ எஃப்/10 ஆக்குங்கள், ஓரங்கள் இறுகும்.

நாகணவாய்:
இடையில் ஒரு கேள்வி. மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாமல் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கும் கேமரா) மாறினால் இந்த எஃப்/8 தொல்லை இல்லையா?

கரிச்சான்:
ரொம்பக் குறைவு. நிகான் இசட் 180-600 மிமீ எஃப்/5.6-6.3இல் 1.4 எக்ஸ் போட்டால் 252-840, எஃப்/8-9, அதிலும் ஃபோகஸ் ஓடும். வாங்கும் முன் லென்ஸின் பொருத்தப் பட்டியலை மட்டும் பார்த்துவிடுங்கள். கேனான் ஆர்எஃப் 100-500இல் எக்ஸ்டெண்டர் (கன்வெர்ட்டருக்குக் கேனான் வைத்த பெயர்) மாட்டினால் 300க்குக் கீழே ஜூம் திரும்பாது. 1.4 எக்ஸோடு 420-700தான், அகலப் பக்கம் போய்விடும். சில கன்வெர்ட்டர்களில் முன்கண்ணாடி துருத்திக்கொண்டு லென்ஸுக்குள் நுழையும், சாதாரண கிட் ஜூமில் அதை அழுத்தினால் இரண்டும் கீறும்.

தும்பி:
ஒரு நல்ல சேதியும் சொல்கிறேன். கன்வெர்ட்டர் போட்டாலும் கிட்ட ஃபோகஸ் ஆகும் குறைந்தபட்சத் தூரம் மாறாது, உருவம் மட்டும் 1.4 மடங்கு பெரிதாகும். நான் தட்டாம்பூச்சிக்கு இப்படித்தான் எடுக்கிறேன். இறக்கையின் நரம்புக் கட்டங்களை எண்ணலாம், அது பறந்து போகும் அளவுக்குக் கிட்டப் போக வேண்டியதில்லை.

தவிட்டுக்குருவி:
ஏஎஃப் திருத்தம் +6இல் வந்து நின்றது. இன்று காலை ஆறே முக்காலுக்கு அதே மீன்கொத்தி, 560 மிமீ, எஃப்/8, 1/1000, ஐஎஸ்ஓ 2000, முக்காலியில். மார்புச் சிறகு இழை இழையாகப் பிரிந்து தெரிகிறது, அலகு நுனியில் தொங்கும் தண்ணீர்த்துளிகூட. 2 எக்ஸைத் திருப்பிக் கொடுத்து 1.4 எக்ஸுக்கு மாற்றிக்கொள்கிறேன். கரிச்சான் அண்ணா, தும்பி அண்ணா, இருவருக்கும் நன்றி.