செம்பனைக் கணக்கு மென்பொருள்: எம்ஐடியா, ஜிபிஎல்லா?

பஹாவ் தம்பி: எங்கள் பக்கம் குத்தகைக்குக் குலை வெட்டுபவர்களுக்காகச் சின்ன மென்பொருள் ஒன்று எழுதினேன். ஆலை தரும் எடைச்சீட்டு பிடிஎஃப்பைப் படித்து, யாருக்கு எத்தனை டன், உதிரிப்பழம் எவ்வளவு, கூலி எத்தனை ரிங்கிட் என்று பிரித்துக் காட்டும். யாரும் எடுத்து மாற்றலாம், மூடி விற்கவும் செய்யலாம் என்னும் எம்ஐடி உரிமத்தில், நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டேன். மற்றவர்கள் எழுதிய இரண்டு நூலகங்களைப் பயன்படுத்தினேன்: திரைக்குப் பைகியூடி6, பிடிஎஃப் படிக்கப் பைமியூபிடிஎஃப். ஒருவர் "உரிமம் தப்பு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். எது தப்பு?

ரப்பர் வாளி: ஒன்றும் தப்பில்லை தம்பி. நீ எழுதியது உன் நிரல். நூலகத்தை அவரவர் இறக்கிக்கொள்கிறார்கள். உன் வீட்டில் எந்தப் பெயர்ப்பலகை மாட்டுவது என்று பக்கத்து வீட்டுக்காரனா சொல்வது?

கிராணி மகள்: அண்ணே, தம்பியின் கோப்புகள் எம்ஐடியிலேயே இருக்கட்டும், அது ஜிபிஎல்லோடு, அதாவது மென்பொருளைக் கொடுப்பவர் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்னும் உரிமத்தோடு, ஒத்துப்போகும். சிக்கல் அவர் விண்டோசில் நேரடியாக ஓடும்படி கட்டிப் போட்ட எக்ஸிஇ கோப்பில். அதற்குள் இரண்டு நூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. பைகியூடி ஜிபிஎல் 3, பைமியூபிடிஎஃப் அதைவிடக் கண்டிப்பான ஏஜிபிஎல் 3. காசு கொடுத்து வணிக உரிமம் வாங்காதவரை அந்த மொத்தக் கட்டை "எம்ஐடி, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்" என்று கொடுக்க முடியாது. அதை நம்பி ஒருவன் மூல நிரலை மூடி விற்றால் மாட்டிக்கொள்வது அவன்.

அப்புறம், "நூலகத்தை நான் தரவில்லையே" என்ற வாதம் பழசு. 1992இல் சிலிஸ்ப் என்ற நிரல்மொழிக் கருவியை எழுதியவர், ஜிபிஎல்லில் உள்ள ரீட்லைன் நூலகத்தைப் பயன்படுத்திய விஷயத்தில், ஜிபிஎல்லை எழுதிய ஸ்டால்மனோடு வாதாடிப் பார்த்து, கடைசியில் சிலிஸ்பையே ஜிபிஎல்லுக்கு மாற்றினார்.

ரப்பர் வாளி: அது கடிதத்தில் நடந்த பேச்சு, நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. பஹாவ் ஊர் வரைக்கும் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

தண்டல் பேரன்: யாரும் வரமாட்டார்கள், சரி. அதற்காகத் தப்பான உரிமத்தை ஒட்டி வைப்பதா? பைகியூடி6 செய்யும் வேலையையே செய்யும் பைசைட்6, ஜிபிஎல்லைவிடத் தளர்ந்த எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. நோக்கியா 2009இல் பைசைடைத் தொடங்கியதே இந்த உரிமத் தகராறால்தான். இம்போர்ட் வரிகள், சிக்னல் பெயர்கள் மாறும், பெரிய வேலை இல்லை. எக்ஸிஇயை ஒரே கோப்பாகக் கட்டாமல் கோப்புறையாகக் கட்டு. நூலகத்தைப் பயனர் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். பிடிஎஃப்புக்குப் பிடிஎஃப்பிளம்பர், எம்ஐடி. வேகம் குறைவு, எடைச்சீட்டுக்குப் போதும்.

கிராணி மகள்: எதற்கு ஓட வேண்டும்? ஏஜிபிஎல்லிலேயே விடலாம். குத்தகைக்காரர் உதிரிப்பழப் பிடித்தத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிய மென்பொருளை ஆட்களிடம் கொடுத்தால், அவர்கள் மூல நிரலைக் கேட்கலாம்.

ரப்பர் வாளி: கொடுத்தால்தானே! தன் கணினியிலேயே வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் உரிமம் என்ன செய்யும்?

கிராணி மகள்: ஒன்றும் செய்யாது, அது உண்மை. ஆனால் மாற்றியதை இணையத்தில் வைத்து ஆட்களைக் கைப்பேசியில் பார்க்கச் சொன்னால், ஏஜிபிஎல்லின் 13ஆம் பிரிவுப்படி அவர்களுக்கு மூல நிரல் தர வேண்டும். ஜிபிஎல்லில் அது இல்லை.

பஹாவ் தம்பி: பைசைடுக்கே மாறுகிறேன். பிடிஎஃப்பிளம்பரை ஆலைச் சீட்டில் சோதிக்க வேண்டும், எடைப் பத்தி கோணலாக அச்சாகி வரும். அதுவரை எக்ஸிஇயை எடுத்துவிட்டேன்.

ரப்பர் வாளி: நாளை சம்பளக் கணக்கு! இதைத்தான் சொன்னேன்.

தண்டல் பேரன்: எடுக்கவே வேண்டாம். எக்ஸிஇக்கு மட்டும் ஏஜிபிஎல் என்று எழுதி, உரிம வாசகத்தையும் மூல நிரல் சுட்டியையும் சேர்த்து இன்றிரவே திரும்பப் போடு.