நாலு வருஷம் அலமாரியில் கிடந்த டைவிங் செட்டை 40,000-க்கு வாங்கலாமா?

தக்கலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளத்தில் ஸ்கூபா டைவிங்கின் முதல்கட்டமான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தேன். அதன்பிறகு இரண்டு டைவ் போனேன். கோர்ஸில் போன நாலையும் சேர்த்து மொத்தமே ஆறுதான். ஆனால் இனி விடமாட்டேன் என்று எனக்கே தெரிகிறது. பள்ளி விடுமுறையில்தான் போக முடியும், வருஷத்துக்கு ஆறேழு டைவ் வரும்.

கத்தாரிலிருந்து திரும்பி வந்த சித்தப்பா மகன் தன் செட்டை மொத்தமாக 40,000-க்குத் தருகிறான். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி), பிசிடி (காற்று அடைத்து மிதப்பைச் சரிசெய்யும் சட்டை), கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டுவது), 5 மில்லிமீட்டர் வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), மாஸ்க். நாலு வருஷமாக தண்ணீரில் இறங்கவில்லை, அலமாரியில்தான் இருக்கிறது. புதுசு வாங்கினால் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்கிறான். சொந்தக்காரன் என்பதால் வேண்டாம் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.5. வாடகை மாஸ்க்கில் மீனெல்லாம் மங்கல்தான். வாங்கலாமா, வாடகையே போதுமா?

குளச்சல்காரன்:

டீச்சர், மாஸ்க்கை மட்டும் சொந்தமா வாங்குங்க. அதுவும் தம்பியோடது வேண்டாம், உங்க முகத்துக்குப் பொருந்துற புதுசு. மத்ததெல்லாம் இன்னும் ஒரு வருஷம் வாடகைக்கே இருக்கட்டும்.

எங்க அப்பா கடியப்பட்டணம் பாறையில சிப்பி குளிச்சவர். சிலிண்டர் கிடையாது, ஒரே மூச்சுதான். இடுப்புல ஒரு வலைப்பை, கையில ஒரு கம்பி, முகத்துல ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியை மட்டும் அவர் வேற யாருக்கும் குடுக்க மாட்டார். "கண்ணு தெரியலேன்னா கடல் இல்ல மக்கா" என்பார். இப்போ நான் 20 மீட்டர்ல இறங்கும்போதும் அதுதான் நெனப்பு.

உங்க கண்ணுக்கு, இடது வலது தனித்தனி கண்ணாடி உள்ள மாஸ்க் பாருங்க. அதுல பவர் லென்ஸ் மாத்திப் போடலாம், அரை அரை பவர் வித்தியாசத்துல ரெடியாவே கிடைக்கும். கடையில வாரைப் போடாம முகத்துல வச்சு மூக்கால லேசா உள்ளே இழுங்க. கையை எடுத்தாலும் விழாம ஒட்டி நிக்கணும். நெத்தி முடி உள்ளே மாட்டிக்கிட்டா தண்ணி கசியும், அதையும் ஒதுக்கிட்டுப் பாருங்க. புது மாஸ்க்குல உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். வெள்ளைப் பேஸ்ட்டைத் தொட்டு விரலால நாலஞ்சு தடவை தேய்ச்சுக் கழுவுங்க. இல்லேன்னா இறங்கின ரெண்டாவது நிமிஷமே ஆவி படியும். மீனை விடுங்க, சிலிண்டர் மீட்டர்ல காத்தழுத்தம் 50 பாருக்கு (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு) இறங்கிருச்சான்னு படிக்கணுமே, அதுக்குத்தான் முதல்ல கண்ணு வேணும்.

ரெகுலேட்டர் ஏன் வேண்டாங்கிறேன்னா, நான் 2019-ல ஒண்ணு வாங்கினேன். ஆசையா வாங்கினது. ஒருநாள் டைவ் முடிஞ்சு கழுவும்போது முதல் நிலையோட (சிலிண்டர்ல மாட்டுற பகுதி) மூடியைச் சரியா முறுக்காம வாளித் தண்ணியில போட்டுட்டேன். அடுத்து கச்சான் காத்து தொடங்கிருச்சு. ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் நம்ம மேற்குக் கடல்ல அலையும் கலங்கலும்தான், உள்ளே இறங்க வழியில்ல. நாலு மாசம் கழிச்சு எடுத்துப் பாக்குறேன், சிலிண்டர்ல மாட்டுற இடத்துல உள்ள அந்த வட்ட ஃபில்ட்டர், பத்து பைசா அளவுகூட இருக்காது, பாசி பிடிச்ச மாதிரி பச்சையா இருக்கு. உப்புத்தண்ணி உள்ளே போயிருக்குன்னு அதுக்கு அர்த்தம். வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம், காத்துலயே உப்பு. சென்னைக்கு கூரியர்ல அனுப்பி அஞ்சு வாரம் காத்திருந்து, வாங்கின விலையில கால்வாசியைச் செலவழிச்சுச் சரிபண்ணேன். மனசு ரொம்ப வலிச்சுது.

பொதுவா வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைச் சர்வீஸுக்குக் குடுக்கணும், டைவ் போனாலும் போகாட்டாலும். ரப்பர் வளையங்கள் சும்மா கிடந்தாலும் காயும். நாலு வருஷமா கிடந்த தம்பியோட செட்டுக்கு முழு சர்வீஸ் பண்ணாம வாயில வைக்காதீங்க. அந்தச் செலவையும் 40,000-த்தோட கூட்டிப் பாருங்க.

இன்னொண்ணு, பெரும்பாலான இடத்துல டைவ் கட்டணத்திலேயே கருவி வாடகையும் சேர்ந்துதான் இருக்கும். சொந்தக் கருவி கொண்டுபோனா எவ்வளவு குறைப்பீங்கன்னு கேட்டுப் பாருங்க. எனக்குக் குறைச்சது கொஞ்சம்தான். வருஷம் ஏழு டைவுக்கு அது சர்வீஸுக்கே காணாது.

வடசேரி அக்கா:

குளச்சல் தம்பி சொன்னது சரி. பிசிடி பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஆம்பளைங்க அளவு பிசிடி எனக்குத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும், தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கக் காற்று அடைத்தால் கழுத்தை நெருக்கும். போட்டுப் பார்க்காமல் வாங்காதே டீச்சர். வாயால் ஊதி நிரப்பி ஒரு ராத்திரி வைத்துப் பார், காலையிலும் கல் மாதிரி இருக்க வேண்டும்.

5 மில்லிமீட்டர் வெட்சூட் நமக்குத் தேவையில்லை. 28 டிகிரி தண்ணீருக்கு 3 போதும். தடிப்பு கூடினால் மிதப்பும் கூடும், அதை அமுக்க இடுப்பில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். அந்தமானுக்கு விமானத்தில் போகிறாய் என்றால் 15 கிலோ கணக்கில் முழு செட்டும் துணிமணியும் சேர்ந்து போகாது.

சின்னமுட்டம் போட்:

சிலிண்டர் மட்டும் யாரும் சொந்தமா வாங்கிடாதீங்க. பஞ்சர் கடை கம்ப்ரெசர்ல அடிச்சுக்கலாம்னு ஒருத்தன் என்கிட்டயே கேட்டான். அது 10 பார் பக்கம்தான் வரும், சிலிண்டருக்கு வேண்டியது 200. அதோட எண்ணெய்ப் புகையும் வரும், அதை மூச்சுல இழுத்தா கடலுக்குள்ளேயே மயக்கம்தான்.

தக்கலை டீச்சர்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஹோஸை வளைத்துப் பார்த்ததில் இணைப்புப் பக்கம் மெல்லிய வெடிப்புகள். கோர்ஸில் சொல்லிக் கொடுத்தபடி ரெகுலேட்டரின் மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டு வாயில் வைத்து இழுத்தேன். காற்று வரக்கூடாது, வந்தது. தம்பிக்கும் காட்டினேன், அவனே முகம் மாறிப்போனான். பாவம், அவன் ஏமாற்ற நினைக்கவில்லை. பிசிடி எனக்கு முழங்கால் வரை தொங்கியது அக்கா.

ஃபின்ஸ் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன், 2,500-க்குக் கொடுத்தான். குதிகால் திறந்த வகை. பூட்டி (உள்ளே போடும் ரப்பர் காலுறை) போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டுமா குளச்சல் அண்ணே?

குளச்சல்காரன்:

ஆமா டீச்சர், பூட்டி போட்டுட்டுத்தான். முதல்ல பூட்டி வாங்கிட்டு வாரை இழுத்துப் பாருங்க, விரல் நுனி வலிச்சா அந்த ஃபின்ஸ் உங்களுக்கு ஆகாது. சின்ன வயசுல அப்பாகூட மூச்சடக்கிக் குளிச்ச எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்துது, அது உங்களுக்கு வந்துறக்கூடாது. சிலிண்டர் காத்தை இழுத்துட்டு மூச்சை அடக்கி மேல வரக்கூடாது. 10 மீட்டர்ல இழுத்த காத்து மேல வரும்போது நெஞ்சுக்குள்ள ரெண்டு மடங்கா விரியும். புது மாஸ்க்கோட போற முதல் டைவுல லேசா தண்ணி புகுந்தாலும் பயத்துல மூச்சு நின்னுபோகும். அதனால அஞ்சு மீட்டர்லயே நின்னு, மூக்கால ஊதி அதை வெளியேத்திப் பழகிட்டு அப்புறம் இறங்குங்க.